எலும்பு கண்டுபிடித்த கோடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். பொடியின் துகள் அளவு, சுடரின் வெப்பம், பொடி தெளிக்கும் துப்பாக்கியைப் பொருளிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது. என்னைவிடத் தெளிவாகவே இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரு பெண்ணின் இடுப்பைப் பற்றி.

நம் வேலை என்னவென்று வீட்டில் கேட்டால் நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ தெரியாது. நான் ரொம்ப நாள் திணறியிருக்கிறேன். திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு நெல்லும் வேர்க்கடலையும் தெரியும். உலோகவியல் படித்த மகள் செங்கல்பட்டுப் பட்டறையில் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "வெல்டிங் மாதிரி ஏதோ" என்று முடித்துவிடுவார். அது எனக்குப் பொறுக்காமல் ஒருநாள் அவரை உட்காரவைத்துச் சொன்னேன்.

நம் எலும்புக்கு உறுதி கொடுக்கும் தாது ஒன்று இருக்கிறது. ஹைட்ராக்ஸிஅபடைட் என்று பெயர். அதையே ஆலையில் வெள்ளைப் பொடியாகச் செய்துவிடலாம். அந்தப் பொடியைப் பிளாஸ்மா சுடருக்குள் ஊதினால் உருகும். உருகிய துளிகள் பாய்ந்து போய் டைட்டானியத் தண்டின்மேல் மோதி, கல்லில் விழுந்த தோசை மாவு மாதிரி தட்டையாகப் பரவி அங்கேயே உறையும். ஒன்றின்மேல் ஒன்றாக அப்படி விழுந்து விழுந்து ஒரு தலைமுடியின் தடிமனுக்குப் பூச்சு உண்டாகும். கெட்டுப்போன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கிறார்களே, அதில் தொடை எலும்புக்குள் இறங்கும் பகுதிதான் அந்தத் தண்டு. வழவழப்பான உலோகத்தை எலும்பு பற்றாது. தன்னுடைய தாதுவைக் கண்டால் பற்றிக்கொள்ளும்.

அப்பா யோசித்துவிட்டு, "எலும்புக்கு அது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்பா" என்றேன். படித்ததை வைத்துச் சொன்னேன். பொடி அதிகம் உருகினால் பூச்சு கண்ணாடியைப் போலாகி உடம்புக்குள் சீக்கிரம் கரைந்துவிடும், சரியாக உருகாவிட்டால் உதிர்ந்துவிடும், இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு குறுகிய இடத்தில் நிற்பதற்குத்தான் நமக்குச் சம்பளம் என்பதையெல்லாம் என் கையாலேயே கற்றிருந்தேன். ஆனால் எலும்புக்குத் தெரியும் என்பதை மட்டும் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். அதைக் கண்ணால் பார்ப்பதற்குள் நான் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டேன்.

மழைக்காலம் ஆரம்பித்திருந்த ஒரு காலையில் பிரதீப் கூப்பிட்டார். தண்டுகளைச் செய்து நம்மிடம் பூச்சுக்கு அனுப்புகிற கம்பெனியில் தரத்துக்குப் பொறுப்பு அவர். நல்ல மனிதர். எதற்கும் பதறாதவர். அன்று குரல் சரியாக இல்லை.

"மேடம், நம்ம தண்டு வெச்ச ஒரு பேஷன்ட் வண்டியிலேர்ந்து விழுந்துட்டாங்க. தொடை எலும்பு உடைஞ்சிருக்கு. செங்கல்பட்டுலதான் அட்மிட் ஆகியிருக்காங்க. டாக்டர், பூச்சு போட்டவங்களைப் பாக்கணுங்கறார்."

"உடைஞ்சது எலும்புதானே? தண்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"தண்டு உடையல. ஆனா எக்ஸ்ரேல அதை ஒட்டிக் கறுப்பா ஒரு கோடு இருக்காம். தண்டு தளர்ந்திருக்கலாம்னு ரிப்போர்ட்ல எழுதிட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அதே லாட்ல இன்னொண்ணு வேற ஊர்ல தளர்ந்துபோய் எடுத்திருக்காங்க மேடம். இது ரெண்டாவது."

ஒரே நாளில், ஒரே சுடரில் பூசிய தண்டுகளை ஒரு லாட் என்கிறோம். அதில் இரண்டு தளர்ந்தால் தவறு நம் பக்கம் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

முதலாளியிடம் சொன்னபோது அவர், "போயிட்டு வாங்க. ஆனா எதையும் அழுத்தமா சொல்லிடாதீங்க. நல்லா இருக்குன்னு சொன்னாலும் மாட்டுவோம், கெட்டுப்போச்சுன்னாலும் மாட்டுவோம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கிளம்பும்போது அதே அளவில் பூசாத தண்டு ஒன்றையும், பூசும்போது அதற்கு மாட்டுகிற உறையையும் பையில் போட்டுக்கொண்டேன். பூச்சு தண்டின் மேல்பகுதிக்கு மட்டும்தான். கீழ்ப்பகுதியில் விழாமலிருக்க அந்த உலோக உறை மூடிக்கொள்ளும். டாக்டரிடம் காட்டிப் பேச உதவும் என்று நினைத்து எடுத்தேன், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் டாக்டர் வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நடந்தபடியே விஷயத்தைச் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்கு மேடம். தண்டு இறுக்கமா இருந்தா அதைத் தொடவே வேண்டாம். உடைஞ்ச எலும்பைத் தகடு வெச்சுக் கம்பியால கட்டிட்டா கூடிடும். தளர்ந்திருந்தா அதை எடுத்துட்டு நீளமான தண்டு வைக்கணும். தளர்ந்த தண்டை இறுகியிருக்குன்னு நெனச்சு விட்டுட்டா, தகடு தாங்காது. மறுபடி ஆபரேஷன்."

"இறுக்கமா இருக்கறதைத் தளர்ந்துடுச்சுன்னு நெனச்சு எடுத்தா?"

அவர் நின்றார். "அது சும்மா வராது. எலும்பை நீளவாக்குல அறுத்துத் திறந்து, உளி வெச்சுப் பிரிக்கணும். நல்ல எலும்பு நெறைய போயிடும். நாப்பத்தஞ்சு வயசுகூட ஆகல அவங்களுக்கு."

அந்த நோயாளி ஸ்டெல்லாவை வார்டில் அப்போதுதான் முதலில் பார்த்தேன். புதுப்பட்டினத்துக்காரர். சிறுசேரியில் ஒரு பெரிய மென்பொருள் அலுவலகத்தில் துப்புரவுப் பணிக்கு சூப்பர்வைசர். நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிற வேலை. சில ஆண்டுகளுக்கு முன் இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய் மூட்டை மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு வலியில்லாமல்தான் இருந்திருக்கிறார். கடப்பாக்கத்தில் தங்கை மகளுக்குத் தேவாலயத்தில் புதுநன்மை விழா. கணவரோடு வண்டியில் போகும்போது கடற்கரைச் சாலையில் மணல் சறுக்கி, மாற்றிய மூட்டு இருந்த பக்கமாகவே விழுந்துவிட்டார். இப்போது காலில் எடை கட்டி இழுத்து வைத்திருந்தார்கள். முகம் வலியில் வெளுத்திருந்தது. கண்ணில் மட்டும் சூப்பர்வைசர் இருந்தார்.

"இன்னா மேடம், நீங்க எந்த டிபார்ட்மென்ட்டு?"

"நான் டாக்டர் இல்லம்மா. உங்களுக்கு வெச்சிருக்கற தண்டுக்கு எங்க பட்டறையிலதான் பூச்சு போட்டோம்."

"பூச்சுன்னா, பெயின்ட்டா?"

"பெயின்ட் இல்ல. எலும்புல இருக்கற அதே பொருளைத்தான் உருக்கி மேல ஒட்டுவோம். உங்க எலும்பு வந்து அதைப் புடிச்சுக்கும்."

"அப்ப புடிச்சிகினு கீதா, வுட்டுடுச்சா? அத்த மட்டும் சொல்லுங்க."

முதலாளி சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் நான் சொன்னதற்கு அது காரணமில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

ஸ்டெல்லா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செஞ்ச உங்களுக்கே தெரியலன்னா, வேற யாரு வந்து சொல்லுவாங்க? என் ஃப்ளோர்ல ஒரு கொழாய் ஒழுவுதுன்னா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு நான் வூட்டுக்குப் போவ முடியுமா?"

பக்கத்தில் நின்ற அவர் கணவர் அருள், சிறுசேரி வழித்தடத்தில் ஷட்டில் பஸ் ஓட்டுபவர், சமாதானமாகப் பேசினார். "புது ராடு ஃப்ரீயாவே தர்றேன்னு கம்பெனிக்காரு சொல்றாரு மேடம். இத்த எடுத்துட்டா பேஜாரு தீந்துது. எதுக்கு வம்பு?"

"நீ சும்மா இரு" என்றார் ஸ்டெல்லா. "அறுக்கறது உன் காலையா, என் காலையா?"

வெளியே வராந்தாவில் பிரதீப் காத்திருந்தார். "எடுத்துடலாம் மேடம்" என்றார். "எடுத்துட்டா நாளைக்கு யாரும் நம்மளக் கேள்வி கேக்க முடியாது. விட்டுட்டு அது தளர்ந்தா, தெரிஞ்சே விட்டீங்களேன்னு கேப்பாங்க."

அவர் பயந்தது எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே பயம் இருந்தது. அதோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. உங்களுக்கும் ஒருநாள் இது வரும் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். தண்டு இறுக்கமாக இருக்கிறது என்று நான் சொன்னால் அது என் பூச்சுக்கு நானே கொடுக்கும் நற்சான்று. அதற்கு என்ன மதிப்பு? டாக்டர் அந்தப் படத்தைக் காட்டி, கறுப்புக் கோடு எதைக் குறிக்கிறது என்று கேட்டால், எனக்குச் சாதகமான அர்த்தம்தான் முதலில் என் கண்ணுக்குப் படும். வேண்டுமென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கண் அப்படித்தான் பார்க்கும்.

ஸ்டெல்லாவின் கேள்வி காதிலேயே நின்றது. செய்தவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? சரி, செய்தவளுக்கு மட்டும் தெரிந்தது என்று ஏதாவது இருக்கிறதா? நின்று யோசித்தேன். ஒன்றே ஒன்று இருந்தது. பூச்சு எந்த இடத்தில் முடிகிறது என்பது எனக்குத் தெரியும்.

முடி தடிமன் உள்ள பூச்சு எக்ஸ்ரேயில் தெரியாது. மேலே பூச்சு, கீழே வழவழப்பான உலோகம் என்று கம்பெனியின் விளக்கப் புத்தகத்தில் தோராயமாகப் போட்டிருப்பார்கள். டாக்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ரகத் தண்டில் பூச்சின் விளிம்பு நேராக இருக்காது. தொடையின் உட்புறம் வரும் பக்கத்தில் கீழே இறங்கியும், வெளிப்புறத்தில் ஏறியும் சரிவாகப் போகும். உறையை அப்படித்தான் வெட்டியிருப்போம். அந்த உறை என் பையில் இருந்தது.

டாக்டர் கையில் படத்தோடு அறைக்குக் கூப்பிட்டார். வெளிச்சப் பலகையில் அதை மாட்டப்போனவரைத் தடுத்தேன்.

"இப்ப காட்டாதீங்க டாக்டர்."

"ஏன்?"

"பாத்துட்டா, எனக்கு வேண்டியதுதான் அதுல தெரியும். முதல்ல நான் ஒண்ணு செஞ்சு குடுக்கறேன். அதுக்கப்புறம் ரெண்டையும் சேத்து நீங்க பாருங்க. நான் கடைசியா பாக்கறேன்."

பிரதீப்பையும் உள்ளே வரச் சொன்னேன். அவர் எதிரிலேயே தண்டுக்கு உறையை மாட்டினேன். உறையின் விளிம்பை ஒட்டி மெல்லிய செப்புக் கம்பி ஒன்றைச் சுற்றி, பசை நாடாவால் ஒட்டி, உறையைக் கழற்றினேன். தண்டின்மேல் சரிவான ஒரு மோதிரம் போல அந்தக் கம்பி நின்றது. செம்பு எக்ஸ்ரேயில் தெரியும். ஸ்டெல்லாவின் தொடை இருந்த அதே கோணத்தில் இதை வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன்.

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோடு எங்க வரும்னு நீங்க முதல்லயே சொல்றீங்க. எலும்பு ஒத்துக்குதான்னு நான் பாக்கணும். அதானே?"

"அதான். ஒத்துக்கலைன்னா தண்டை எடுத்துடுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

இதைச் சொன்னபோது எனக்குத் துணிச்சல் எதுவும் இல்லை. படத்துக்குள் என்ன இருக்கிறதென்று நிஜமாகவே தெரியாது. கோடு பொருந்தாவிட்டால் அந்த லாட்டில் பூசிய தண்டுகளைச் சுமந்துகொண்டு எங்கெங்கோ நடமாடும் மனிதர்கள் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். படம் வரும்வரை சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, டாக்டர் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். பிறகு ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தினார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நெற்றி சுருங்கியது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

"வாங்க மேடம்" என்றார் கடைசியாக. குரல் இறங்கியிருந்தது. "இப்ப பாருங்க."

பார்த்தேன். தண்டின் கீழ்ப்பகுதியை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. எல்லோரையும் பயமுறுத்திய கோடு அதுதான். அது உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே மேல்நோக்கிப் போய், செப்புக் கம்பியின் நிழல் விழுந்த இடத்தில் நின்றது. அதற்கு மேலே இல்லை. கம்பி உட்புறம் தாழ்ந்திருந்தது, அங்கே கறுப்புக் கோடும் தாழ்வாக முடிந்தது. கம்பி வெளிப்புறம் உயர்ந்திருந்தது, அங்கே கோடு உயர்ந்து போய் முடிந்தது. அது முடிந்த இரண்டு இடங்களிலும் எலும்பு வெள்ளையாகத் தடித்து, கை நீட்டுவதுபோல நீண்டு உலோகத்தைத் தொட்டிருந்தது.

உறையை எந்தச் சரிவில் வெட்டினோம் என்பது இந்த உலகத்தில் எங்கள் பட்டறைக்கும் கம்பெனிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். ஸ்டெல்லாவின் எலும்புக்கு அதை யாரும் சொல்லவில்லை. இருட்டுக்குள், ரத்தத்துக்கு நடுவே, கண்ணில்லாத அணுக்கள் தடவித் தடவிப் போயிருக்கின்றன. பூச்சு இருந்த இடமெல்லாம் பற்றிக்கொண்டு, பூச்சு முடிந்த இடத்தில் கையை எடுத்திருக்கின்றன. முடி தடிமன் உள்ள ஒரு படலத்தின் எல்லையை, நாங்கள் வரைந்த அதே சரிவில், உள்ளேயிருந்து வரைந்து காட்டியிருக்கின்றன. அப்பாவிடம் "தெரியும்" என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு கொஞ்சமாகத் தெரிந்திருந்தது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி நினைத்தேன்.

பிரதீப் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அந்தக் கறுப்புக் கோடு?"

"வழவழப்பான உலோகத்தை எலும்பு புடிக்காது இல்லையா, அந்த இடைவெளிதான்" என்றார் டாக்டர். "கீழ அது இருக்கறது இயல்பு. மேல போயிருந்தாத்தான் பயப்படணும். எல்லை எங்கன்னு தெரியாம நாங்க எல்லாத்தையும் ஒண்ணாப் பாத்துட்டோம்."

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த நிமிடத்தில் எனக்கு எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது. டாக்டர் குதிக்கவில்லை. "படம் படம்தான் மேடம். உள்ள போய்க் கையால ஆட்டிப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன். நீளத் தண்டும் தியேட்டர்ல தயாரா இருக்கட்டும்" என்றார். பிரதீப் அதை அனுப்ப ஏற்பாடு செய்தார். எனக்கு முதலில் சின்ன ஏமாற்றம். பிறகு அவர்மேல் மரியாதை கூடியது. ஒரு சான்று எவ்வளவு அழகாக இருந்தாலும், இன்னொரு முறை சோதிக்க வழி இருக்கும்போது சோதிக்காமல் விடக்கூடாது. நம் வேலையில் அழகான முடிவுகள் அடிக்கடி வரும். கவனமாக இருங்கள்.

ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் டாக்டரே சொன்னார். கேட்டுவிட்டு அவர், "இந்த மேடமும் உள்ள வரட்டும் சார். செஞ்சவங்க பாக்கணும்ல" என்றார். நான் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார்.

மறுநாள் காலை, பச்சை உடை போட்டு, வாயை மூடி, தியேட்டரின் ஒரு மூலையில் எதையும் தொடாமல் நின்றேன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஸ்டெல்லாவுக்கு முதுகில் ஊசி போட்டிருந்தார்கள். மார்புக்கு நேரே கட்டியிருந்த துணித்திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய முணுமுணுப்பு கேட்டது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

உடைந்த இடத்தை டாக்டர் திறந்தார். எலும்பின் உடைந்த வாய்க்குள் தண்டின் கீழ்நுனி பளபளவென்று தெரிந்தது. நான் ரத்தத்துக்குப் பயப்படுவேனோ என்று பயந்திருந்தேன். ஆனால் அந்த நுனியைத் தவிர எதுவும் என் கண்ணில் படவில்லை. டாக்டர் அதை இடுக்கியால் இறுகப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். தண்டு திரும்பியது. மேலேயிருந்த எலும்பும் அதோடு சேர்ந்தே திரும்பியது. இழுத்துப் பார்த்தார். எலும்பும் சேர்ந்து வந்தது. எதிர்ப்பக்கம் முறுக்கினார். இரண்டும் ஒரே பொருளாக அசைந்தன.

பிறகு மேல்முனையையும் கொஞ்சம் திறந்து, இன்னொரு முறை முறுக்கச் சொல்லிவிட்டு, உலோகமும் எலும்பும் சந்திக்கும் விளிம்பை உற்றுப் பார்த்தார். "தளர்ந்திருந்தா இங்க ரத்தம் நுரைச்சுக்கிட்டு வரும்" என்றார் எனக்குக் கேட்கும்படி. எதுவும் வரவில்லை. அவர் உதவியாளரிடம், "நீளத் தண்டு வேணாம். திருப்பி அனுப்பிடுங்க. தகடு குடுங்க" என்று சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

"மேடம், கொஞ்சம் கிட்ட வாங்க" என்று கூப்பிட்டார் டாக்டர். "உங்க பூச்சு எங்க முடியுது, எலும்பு எங்க ஆரம்பிக்குது? சொல்லுங்க பாப்போம்."

எட்ட நின்றே குனிந்து பார்த்தேன். இந்தப் பூச்சை வெட்டி, தேய்த்து மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்த்தே தலை நரைத்தவள் நான். எந்த நிறத்தில் இருக்கும், எப்படிச் சொரசொரப்பாக இருக்கும் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அங்கே உலோகம் இருந்தது. அதை ஒட்டி எலும்பு இருந்தது. நடுவே என்னுடையது என்று காட்ட எதுவும் இல்லை.

"தெரியல டாக்டர்" என்றேன். இரண்டாம் முறையாக அதே சொல்.

இதோடு நிறுத்தினால் நம் பூச்சின் பெருமையைப் பாடியதாக ஆகிவிடும். வேறு ஊரில் தளர்ந்துபோன அந்த இன்னொரு தண்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது. அதே லாட், அதே பொடி, அதே சுடர். அதில் பூச்சு சில இடங்களில் இருந்தது, சில இடங்களில் இல்லை. எலும்பு எங்குமே பற்றவில்லை. அந்த லாட்டோடு சேர்த்துப் பூசி எடுத்துவைத்திருந்த மாதிரித் துண்டுகளை மறுபடி சோதித்தோம். எல்லாம் சரியாகவே இருந்தன. பூச்சு போனதால் தண்டு தளர்ந்ததா, வேறு எதனாலோ தளர்ந்து ஆடி ஆடிப் பூச்சு தேய்ந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றுவரை தெரியாது. அந்தத் தண்டு நம் ஆய்வுக்கூட அலமாரியில்தான் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பாருங்கள். எனக்குப் பிடிபடாதது உங்களில் ஒருவருக்குப் பிடிபடலாம்.

ஸ்டெல்லாவுக்கு எலும்பு கூடியது. அவசரப்படாமல் கூடியது. அக்குள் கட்டை இரண்டு, பிறகு ஒன்று, பிறகு கைத்தடி. வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், அருள் அவரை நம் பட்டறைக்கு அழைத்து வந்தார். தண்டில் போடுகிற "பெயின்ட்டைப்" பார்த்தே ஆகவேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாம். வாசலில் இறங்கியதும் ஸ்டெல்லாவின் கண் முதலில் எங்கள் தரையைத்தான் ஆராய்ந்தது.

"பரவால்ல, கூட்டித்தான் வெச்சிகினு கீறீங்க" என்றார்.

கறுப்புக் கண்ணாடி பதித்த சன்னலுக்கு அழைத்துப் போனேன். நீங்கள் தினமும் நிற்கும் அதே சன்னல். அதற்கு அந்தப் பக்கம் ஒரு தண்டு சுழன்றுகொண்டிருந்தது. சுடர் பற்றியதும் இரைச்சலில் சுவர் அதிர்ந்தது. அருள் ஓரடி பின்வாங்கினார். ஸ்டெல்லா நகரவில்லை. வெள்ளையும் ஊதாவுமாக அந்தச் சுடர் நீண்டு, பொடி உள்ளே விழுந்ததும் நிறம் மாறி, தண்டின்மேல் மேலும் கீழுமாகப் போய்வந்தது. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அணையும்வரை அவர் கண் அதைவிட்டு விலகவில்லை.

இரைச்சல் அடங்கியதும் கேட்டார். "இப்ப போட்டீங்களே, இது யாருக்கு மேடம்?"

"தெரியாதும்மா. எந்த ஊருக்குப் போகும், யாருக்கு வைப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கே இன்னும் தெரிஞ்சிருக்காது."

உள்ளே தண்டு சுழல்வது மெதுவாகி நின்றது. ஸ்டெல்லா கைத்தடியை அருளிடம் கொடுத்தார். இரண்டு காலையும் நேராக ஊன்றி நின்று, அந்தக் கண்ணாடியைப் பார்த்து நிதானமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு துப்பாக்கியை இயக்கிக்கொண்டிருந்த எங்கள் ஆட்களின் பக்கம் திரும்பி, தன் ஃப்ளோரில் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"நல்லாப் போடுங்க. அவங்களுக்கும் மாடிப்படி ஏர்ற வேலையா கூட இருக்கும்."